செரிங்க சொன்னால் கலங்கும் படம்

1

போன வாரம் அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். என் காப்புரிமைக்கு ஒரு வயது ஆகிவிட்டதாம். தெற்கு ஜெர்மனியில் நான் குடியிருக்கும் இந்தச் சிறு நகரத்தில் எல்லாவற்றுக்கும் கேக் உண்டு. வந்த புதிதில் என் பிறந்த நாளன்று, யாராவது கேக் கொண்டுவருவார்கள் என்று நான் சாயங்காலம்வரை காத்திருந்தேன். மொத்த அலுவலகமும் நான் கொண்டுவருவேன் என்று காத்திருந்தது. இங்கே பிறந்த நாள்காரன்தான் கேக்கைச் சுமந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு தரப்பும் பசியோடு வீட்டுக்குப் போனோம்.

இந்த முறை கேக் என் மேலாளர் திருமதி கெல்லரின் ஏற்பாடு. நாங்கள் தயாரிக்கும் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் வடிவிலேயே செய்யச் சொல்லியிருந்தார். நடுவில் ஓட்டை விட்ட பெரிய வளையம், அதற்குள் நுழையும் நீளப் பலகை, பலகைமேல் சர்க்கரைப் பாகில் செய்த ஒரு நோயாளி. நோயாளிக்கு மீசை வேறு. "உங்கள் ஊர்க்காரர்" என்றார் கெல்லர் பெருமையாக. ஊர்க்காரரை யார் தின்பது என்று எல்லோரும் கொஞ்ச நேரம் கூச்சப்பட்டோம். கடைசியில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் தலைப்பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

ஸ்கேன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோவை அவிநாசி ரோட்டில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் கண்ணில் ஒரு ஸ்கேன் சென்டர் படும். வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வரும். எதிர்ப்பக்கம் இருக்கும் உணரிகள் அதை வாங்கிக்கொள்ளும். கணினி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ஆளைக் கத்தி படாமல் வெள்ளரிக்காய் வில்லைகளாக நறுக்கிக் காட்டும். நான் கோவையில் படித்துவிட்டு, கிரைண்டர் கம்பெனியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன். சுற்றுகிற இயந்திரம் எதுவானாலும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரிதான்.

ஆனால் ஊருக்கு வரும்போது யாராவது "அங்க என்ன கண்ணு கண்டுபுடிச்சே?" என்று கேட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும். குழாயைக் கண்டுபிடித்தவன் நானில்லை. உணரியும் என் வேலையில்லை. என் பெயரில் உள்ள காப்புரிமை, ஃபோனை வைப்பது பற்றியது. கேக் வெட்டும்போது என்னைப் பேசச் சொன்னார்கள். கதையின் முன்பாதியைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். பின்பாதியை அங்கே சொல்ல வாய் வரவில்லை. அதனால் இரண்டையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் படம் கலங்கிவிடும். அதற்காக இயந்திரமே பேசும். மூச்சை இழு, நிறுத்து, விடு. இதை அது பல மொழிகளில் சொல்லும். தமிழுக்கு யாரோ ஒரு குரல் கலைஞரைப் பிடித்துப் பதிவு செய்திருந்தார்கள். "மூச்சை உள்ளிழு! நிறுத்து! வெளியிடு!" என்று கணீரென்று ஒலிக்கும். கேட்டால் யானைப் படை கிளம்புகிற மாதிரி இருக்கும்.

எங்கள் புது மாடல் கோவையில் ஒரு மருத்துவமனையில் இறங்கியது. முதல் வாரமே புகார். அங்கே ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் ஷபானா, கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த பெண், எனக்கு ஃபோன் செய்தாள்.

"சார், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கற ஒரு பெரியவருங்க. பாதி ஸ்கேன்ல பலகைய உட்டு எறங்கிட்டாருங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நேரா என்ற ரூமுக்கே வந்துட்டாருங்க. 'ஏனம்மணி, உள்ள ஒருத்தன் நிறுத்துங்கறான், விடுங்கறான். ஆரவன்? வெளிய வரச்சொல்லு, ஒரு வார்த்த கேட்டுப்போடறேன்'ங்கறாருங்க. மிஷினுங்கய்யான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாருங்க."

இதைப் பதிவு செய்ய எங்கள் புகார் மென்பொருளைத் திறந்தேன். இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, மென்பொருள் கோளாறு, இதர கோளாறு என்று நான்கு பிரிவுகள்தான் இருந்தன. மரியாதைக் கோளாறு என்று ஒன்று இல்லை. "இதர"வில் போட்டு நீளமாக விளக்கம் எழுதினேன். கெல்லர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த 'ங்க' என்றால் என்ன? தயவுசெய்து என்று அர்த்தமா?"

"இல்லை."

"ஐயா என்று அர்த்தமா?"

"அதுவும் இல்லை."

"பிறகு?"

"தனியாக அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இறங்கிப் போய்விடுவார்கள்."

அவர் புகாரை மூடிவைத்தார். பிறகு, அப்படியானால் நீங்களே பேசிக் கொடுங்கள் என்றார். அலுவலகத்தின் நிலவறையில், குளிர்கோட்டுகள் தொங்கும் அறைதான் சத்தமில்லாத இடம். அங்கே கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கும் குரலில் பேசினேன். "நல்லா மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்திக்குங்க. இப்ப மூச்சு விடலாமுங்க. ரொம்ப நன்றிங்க." அதற்குப் பிறகு யாரும் பலகையை விட்டு இறங்கவில்லை. எனக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அதற்கும் நான்தான் கேக் கொண்டுபோனேன்.

3

சில மாதங்களில் அடுத்த தலைவலி. கோவைப் படங்கள் கலங்கி வந்தன. அதே மாடல் மற்ற ஊர்களில் பளிச்சென்று வேலை செய்தது. கோவையில் மட்டும் நுரையீரலின் கீழ்ப்பாதி புகை மூட்டமாக வந்தது.

ஜெர்மானியர்களுக்குக் காரணம் தெரியாத கோளாறு என்றால் காய்ச்சலே வந்துவிடும். கூட்டம் போட்டார்கள். பக்கத்தில் ஃபவுண்டரி இருக்கிறதா, தரை அதிர்கிறதா என்று கேட்டார்கள். கோவையில் எதற்குத்தான் பக்கத்தில் ஃபவுண்டரி இல்லை! மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்றார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கட்டடத்தை ஆட்டுகிறதோ என்று ஒருவர் வரைபடமே போட்டுக் காட்டினார். கடைசியில், அதிர்வு அளக்கும் கருவிப் பெட்டியைக் கையில் கொடுத்து என்னை விமானம் ஏற்றினார்கள். கோவை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார்.

"இது என்னங்க?"

"நடுக்கம் அளக்கறதுங்க."

"ஆருக்கு நடுக்கமுங்க?"

"அதக் கண்டுபுடிக்கத்தானுங்க வந்திருக்கறேன்."

அவர் பெட்டியை மூடி, தலைமைப் பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்றார். அந்தப் பொறியாளர் ஜெர்மனியில் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டி விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. நான் வெறுங்கையோடு மருத்துவமனைக்குப் போனேன்.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், எக்ஸ்ரேயை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்கலாம் என்று நானே பலகையில் படுத்தேன். ஷபானா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினாள். பலகை நகர்ந்தது. வளையம் சுற்றத் தொடங்கியது. என் குரல் என் தலைக்கு மேலிருந்து பணிவாகச் சொன்னது: "நல்லா மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்திக்குங்க."

"செரிங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. செரிங்க சொல்ல வேண்டுமானால் பிடித்த மூச்சை விட்டாக வேண்டும். எழுந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஷபானா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், எல்லாரும் சொல்றாங்க சார்! வாரவீக அத்தன பேரும் சொல்றாங்க. எனக்கு அது காதுலயே உளுந்ததில்லீங்க."

அவள் காதில் எப்படி விழும்? எனக்கே விழவில்லை. ஒருவர் மரியாதையாக ஒரு காரியம் சொன்னால் பதிலுக்கு ஒரு செரிங்க போடாமல் மலைமாடு மாதிரி கிடப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராது. அன்று முழுக்க அவள் அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உடுமலைக்காரர் செரிங்க என்றார். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த அம்மா ஆகட்டும் என்பதை ஆட்டுங்க என்றார். கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கும் ஒருவர், தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகியவர், கட்டடமே அதிரும்படி "செரிங்க! தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று வளையத்தைக் கேட்டார். கணவாய்க் காற்றுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

4

திரும்பிப் போய் அறிக்கை எழுதினேன். நோயாளிகள் இயந்திரத்துக்குப் பதில் சொல்கிறார்கள். காரணம், இயந்திரம் மரியாதையாகப் பேசுகிறது. இதை ஜெர்மன் மொழியில் எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே பைத்தியக்காரன் எழுதியது போல இருந்தது.

"பதில் சொல்ல வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை வையுங்கள்" என்றார் ஒரு பொறியாளர்.

"அதைப் படித்துவிட்டு அதற்கும் செரிங்க சொல்வார்கள்" என்றேன்.

மரியாதையை எடுத்தால் இறங்கிப் போகிறார்கள், வைத்தால் பதில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் இதே யோசனை. அப்போது என் மகள் இனியா மாடியிலிருந்து கத்தினாள்: "அப்பா, வா. சாப்பிடு." இங்கே பிறந்தவள். தமிழில் அவளிடம் இருப்பதெல்லாம் கட்டளைகள்தான். வா, போ, குடு, விடு. ங்க போடு கண்ணு என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். அவளுக்கு நான் பேசும் தமிழ், வாலில் மணி கட்டிய பூனை நடப்பது மாதிரி கேட்கிறதாம். இந்த மொழி அவளிடம் தேய்ந்துகொண்டே போகிறது என்று எனக்கு உள்ளூர ஒரு வலி உண்டு. ஆனால் அன்று எனக்குப் பொறி தட்டியது. குழந்தை சொன்னால் யாருக்கும் கோபம் வராது. குழந்தைக்கு யாரும் செரிங்கவும் சொல்ல மாட்டார்கள்!

இனியாவை நிலவறைக்குக் கூட்டிப்போய் "மூச்சு இழு. நிறுத்து. விடு" என்று பதிவு செய்து கோவைக்கு அனுப்பினேன். மறுநாளே ஷபானா கூப்பிட்டாள்.

"சார், இது முன்னத்தவிட மோசமுங்க. 'ஆரு கண்ணு அது? பேரென்ன சாமி? எத்தனாவது படிக்கறே?'ன்னு எல்லாரும் கொஞ்சறாங்க. ஒரம்மா பையிலிருந்து முறுக்கு எடுத்து வளையத்துக்குள்ள நீட்டுறாங்க."

இனியாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அவர்களுக்கு என்னைத் தெரியாதே, எதற்குக் கேட்கிறார்கள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன்.

வழி பிறந்தது என் மனைவியால். அவள் திருநெல்வேலிக்காரி. ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு ஃபோனில் பேசி முடிக்கும் தருணம். "செரி, வெச்சுரட்டுமா?" "செரி கண்ணு." "உடம்பப் பாத்துக்கோ." "செரி, நீயும் பாத்துக்கோ." "செரி, அப்ப வெச்சர்றேன்." இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

"எய்யா, ஒங்க ஊர்ல ஒரு போன வைக்கதுக்கு இவ்ளோ நேரமா?" என்றாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே. "வெச்சிட்டாத்தான் வாய மூடுதீய."

நான் ஃபோனைப் பார்த்தேன். அதேதான். எங்கள் ஊர்க்காரர் பதில் சொல்வதை நிறுத்தும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. வெச்சுரட்டுங்களா என்று கேட்டு, செரிங்க என்று வாங்கி, லைன் கட்டாகி, அந்த டொய்ங் டொய்ங் சத்தம் வந்த பிறகு. அதற்கப்புறம் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

5

இதைத்தான் இயந்திரத்துக்குள் வைத்தேன். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். பிறகு வெச்சுரட்டுங்களா என்று கேட்கும். வளையத்தில் ஒரு மைக் இருக்கும். நோயாளி செரிங்க சொல்லி முடிக்கும்வரை அது காத்திருக்கும். கேட்டதும் ஃபோன் கட்டாகும் சத்தம் வரும். ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கப்சிப்பென்று கிடப்பார். அந்த அமைதியில் ஸ்கேன்.

காப்புரிமை வழக்கறிஞர் இதைக் கேட்டுவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில் புதுமை எது? ஃபோன் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கேனும் இருக்கிறது."

"இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மரியாதை புதிது" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் கையில் அது "நோயாளி ஒருவர் சமூக நிர்ப்பந்தத்தின் காரணமாக எழுப்பும் ஒப்புதல் ஒலி அடங்கும்வரை கதிர்வீச்சை ஒத்திவைக்கும் ஏற்பாடு" என்று ஆனது. மைக் எந்தெந்தச் சொற்களை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கெல்லர் கேட்டார். செரிங்க, சரிங்க, ஆட்டுங்க, ஆமாங்க என்றேன். வேறு ஏதாவது உண்டா என்றார். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். முன்பின் தெரியாத இயந்திரத்திடம் வேறு எப்படிப் பேசுவார்கள்?

6

இதுவரைக்கும்தான் கேக்கின் முன்னால் சொன்னது.

அம்மா உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறாள். அப்பா போய்விட்டார். இங்கே வந்துவிடு என்றால், தோப்பை யார் பார்ப்பது என்பாள். புது ஏற்பாட்டைக் கோவையில் சோதித்துப் பார்க்க நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. உடுமலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். எந்த மருத்துவமனை என்று நான் கேட்பதற்குள் அம்மா போய் எடுத்துவிட்டே வந்துவிட்டாள். ஷபானாவின் மருத்துவமனை. இனியாவின் குரலை எடுத்துவிட்டு என் பழைய குரலையே மறுபடி போட்டிருந்த இயந்திரம்.

அம்மாவின் படம் எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஷபானா ஃபோனில் சொல்லத் தயங்கினாள்.

"அம்மா உள்ள போனதும் உங்க குரலக் கண்டுபுடிச்சுட்டாங்க சார். 'கண்ணு, நீயா? எப்ப வந்தே? என்னைய எதுக்கு வாங்க போங்கங்கறே?'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நானும் மைக்குல சொல்லிப் பாத்துட்டனுங்க. அவீக எங்க கேக்கறாங்க? வெளிய வந்து, 'என்ற பையன் உள்ளதான் இருக்கறான்'னு உக்காந்திருந்தவீககிட்டயெல்லாம் சொல்லிட்டுப் போறாங்க."

நுரையீரல் மருத்துவர் என்னிடம் பேசினார். அந்தக் கலங்கிய படத்தில் நிழல் கட்டியா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த வயதில் திரும்பத் திரும்பக் கதிர் பாய்ச்சவும் அவருக்கு விருப்பமில்லை. "இன்னும் ஒரே தடவ எடுத்துப் பாக்கலாமுங்க. அதுவும் இப்படியே வந்துச்சுன்னா முதுகு வழியா ஊசி விட்டுச் சதை எடுத்துத்தான் பாக்கணும். இந்த வயசுல நுரையீரல்ல ஊசி போடறது எனக்கே பயமாத்தான் இருக்குதுங்க."

புது ஏற்பாடு மறு வாரம் கோவையில் இறங்குவதாக இருந்தது. அதுவரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அந்த ஒரு வாரம் நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேருடைய நெஞ்சின் படங்களைத் திரையில் பார்த்திருக்கிறேன். கூர்மையாக இருக்கிறதா, புள்ளி தெறிக்கிறதா என்றுதான் பார்ப்பேன். படத்துக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருமிக்கொண்டிருப்பார் என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. நேரில் போகலாம் என்றால், சோதனை நாளில் பொறியாளர் இங்கே இருந்தாக வேண்டும் என்றார்கள். அம்மாவோ, மறு வாரம் தேங்காய் பறித்துப் போட ஆள் வருகிறது, அதற்கடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தாள். தேங்காய் அடுத்த மாதம் விழட்டும் என்று கத்தினேன். அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியதில்லை.

7

சோதனை நாள். இங்கே விடிந்து அலுவலகம் திறந்த வேளை. நான் என் மேசையில் இருந்தேன். பக்கத்தில் கெல்லர் காப்பிக் கோப்பையோடு நின்றார். ஷபானா தன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் மேசையில் வைத்திருந்தாள். மருத்துவரும் அங்கேதான் நின்றார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஏற்பாடு அருமையாக வேலை செய்திருந்தது. செரிங்க, டொய்ங் டொய்ங், அமைதி, பளிங்கு மாதிரிப் படம். கெல்லருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அம்மா பலகையில் ஏறும் சத்தம் கேட்டது.

இயந்திரம் என் குரலில் சொன்னது: "வணக்கமுங்க. சத்தம் கேட்டதும் நல்லா மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திக்குங்க. வெச்சுரட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு," என்றாள் அம்மா. "வெக்காத."

மைக் காத்திருந்தது. அதற்கு அந்தச் சொல் தெரியாது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. "வெச்சுரட்டுங்களா?"

"இப்பத்தான பேச ஆரமிச்சே? அதுக்குள்ள என்ன அவசரம்? எப்பப் பாரு வெக்கறேன் வெக்கறேங்கறதே உனக்குப் பொழப்பு. சாப்டியா? அங்க குளுரு எப்படி?"

"என்ன சொல்கிறார்?" என்றார் கெல்லர்.

"இயந்திரத்தை ஃபோனை வைக்க விடமாட்டேன் என்கிறார்."

"அது பட்டியலில் இல்லையே" என்றார் கெல்லர்.

இன்னொரு முறையும் பதில் வராவிட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். அந்தப்பக்கம் மருத்துவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "ஊசிதானுங்க வேற வழியில்ல" என்று முணுமுணுத்தார். ஷபானாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சார், நீங்களே பேசிருங்க. ஃபோன மைக்குகிட்ட வெக்கறனுங்க. அவீக மூச்சப் புடிச்சதும் நா கையாலயே ஓட்டிர்றேன்."

"அம்மா" என்றேன்.

"சொல்லு கண்ணு."

"நான் வெக்கலம்மா. லைன்லயேதான் இருக்கறேன். நீ ஒன்னும் பேச வேண்டாம், மூச்ச நல்லா இழுத்து அப்படியே இரு. நான் எங்கயும் போகல."

இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வளையம் சுழலும் உறுமல் மட்டும் கடல் தாண்டி வந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கெல்லரும் ஏனென்று தெரியாமலே பிடித்துக்கொண்டார், கன்னம் உப்பி நின்றார்.

"வந்துருச்சு சார்! சுத்தமா வந்துருச்சு!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருத்துவர் ஒவ்வொரு வில்லையாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் சொடுக்குச் சத்தம் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்ததில், செய்ய வேண்டியதை மறந்துவிட்டேன்.

"சார்!" என்று ஷபானா அலறினாள். "அம்மா இன்னும் மூச்சு உடலீங்க!"

"அம்மா! விடும்மா, விடு!"

நீளமாக ஒரு மூச்சு வந்தது. இரண்டு இருமல். "நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

மருத்துவர் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தார். "பழைய தழும்புங்க. சின்ன வயசுல எப்பவோ சளி கட்டி ஆறிப்போனது. நல்லாச் சுண்ணாம்பு கட்டிக் கெடக்குது. இருமலுக்கு மருந்து குடுத்தாப் போதும், ஊசியெல்லாம் வேண்டியதில்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது. கெல்லர் என் தோளில் கை வைத்து, கவலைப்படாதீர்கள், பட்டியலில் அந்தச் சொல்லையும் சேர்த்துவிடலாம் என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனுக்குத் திரும்பினேன். "அம்மா, ஒன்னுமில்லயாமா. பழைய தழும்பாமா."

"அது கெடக்குது. நீ எப்ப வாரே?"

இனியாவின் பள்ளி விடுமுறை எப்போது, எனக்கு மிச்சமிருக்கும் விடுப்பு எத்தனை, அடுத்த சோதனை எந்த மாதம் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஷபானா பலகையை வெளியே இழுத்துவிட்டாள். பலகை வெளியே வந்தால் இயந்திரம் தானாகப் பேசி முடித்துவைக்கும். எனக்கு முன்னால் என் குரல் முந்திக்கொண்டது.

"இப்ப நீங்க எந்திரிச்சுப் போகலாமுங்க. ரொம்ப நன்றிங்க."

அம்மா பலகையிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"செரிங்க" என்றாள்.

அவள் என்னிடம் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.